கசிவு

அணை என்றால் சிரிப்பீர்கள்.
மூன்று ஆள் உயரம், மண்ணும் புல்லும்.
வெர்மான்ட் குன்றில்
நானூறு குழாய்களுக்கு இதுதான் தண்ணீர்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை
ஆர்டித் திபோடோ வருவாள்:
ரப்பர் பூட்ஸ், அளவுகோல், கழுவிய ஊறுகாய் ஜாடி.
அடிவாரக் கசிவை அதில் பிடித்து
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள்.
"கசியட்டும். கலங்கினால்
ராத்திரி என்றாலும் கூப்பிடு."

கஸ்தூரி எலி வளை ஒன்று, அடைக்கச் சொன்னாள்.
மதகுத் திருகு முனகியது. எண்ணெய் போடணும்.
மற்றபடி போன தடவை போலத்தான்.

ஆனால் கோப்பில்
'குறைந்த அபாய'த்தை அடித்து
'அதிக அபாயம்' என்று எழுதினாள்.
விரிசலா, என்றேன்.
பேனாவால் கீழே காட்டினாள்:
ஓடைக்கரையில் புதுக் கூரை,
ஓர் ஊஞ்சல்,
கொடியில் குட்டிக் குட்டிச் சட்டைகள்.

அணை அப்படியேதான் இருக்கிறது.

அவசரத் தொலைபேசிப் பட்டியலில்
மூன்றாவது பெயர் எல்ஸ்வொர்த்.
நவம்பரில் அவரைப் புதைத்தோம்.
அதை அடித்துவிட்டு
அந்தப் புது வீட்டுக்கு நடந்தேன், எண் கேட்க.

ஈரக் கையோடு கதவைத் திறந்தவளிடம்
எங்கே தொடங்குவது?
உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
"அதை முதலில் மூடிவிட்டு வாங்க" என்றேன்.