இருபது பாஸ்கல்

ஏழாம் மாதத்துப் பின்னிரவு.
கிளமெண்டி, எங்கள் புளோக்கின் கீழே
தகர டிரம்முக்குள்
மடாம் குவெக் ஒரு ஏசியை எரித்துக்கொண்டிருந்தார்.
காகித ஏசி. ரிமோட்டும் உண்டு.
"அவருக்கு எப்போதும் புழுக்கம்" என்றார்,
இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவரைப் பற்றி.
பிறகு என் பக்கம் திரும்பி,
"காற்றுதானே உன் வேலை.
இது போய்ச் சேருமா?"

சொல்லியிருக்கலாம்:
இந்தச் சாம்பல் ஒன்பதாம் மாடித்
துணிக்கம்பங்களைத் தாண்டாது,
நாளை மாலை மழை
இதை உலு பாண்டான் கால்வாயில் சேர்த்துவிடும் என்று.
"பார்க்கிறேன் ஆன்ட்டி" என்றேன்,
குழாய் ஒழுகலுக்கு வந்தவனைப் போல.
சட்டைக் கையில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு
இரவுப் பணிக்குக் கூடவே வந்தது.

கெண்ட் ரிட்ஜ் குன்றில் எங்கள் ஆய்வுக்கூடம்.
வானத்தின் மேல்மாடியைக்
கண்ணாடிக் குடுவைக்குள்
பம்ப் வைத்துத் தயாரிக்கிறோம்.

இங்கே தரைமட்டத்தில் காற்று
காலை எட்டரை மணி ரயில்.
வெயில் ஒரு தூசியின் ஒரு கன்னத்தைச் சுட்டாலும்
சூடு நெரிசலிலேயே கரைந்துபோகும்.
அறுபது கிலோமீட்டர் உயரத்தில்
அது கடைசி ரயில்,
பெட்டிக்கு இரண்டு பேர்.
சுட்ட கன்னத்தில் வந்து மோதும் மூலக்கூறு
வந்ததைவிட வேகமாய்த் திரும்பும்.
அந்த உதைப்பில் தூசி நகரும்.
இதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு.
ருகாயா சொல்வது "வெயிலின் முழங்கை".

உருண்டையாய் வழவழவென்று இருப்பவை உதவாது.
சுழன்றுகொண்டே இருக்கும்,
மேலே ஒரு இடி, பக்கவாட்டில் ஒரு இடி,
கூட்டிக் கழித்தால் பூஜ்யம்.
கோணல் வேண்டும்.
ஒரு ஓரம் கனத்திருக்க வேண்டும்.
கனம் கீழே தொங்கும்,
தொங்குவதால் முகம் மாறாது,
முகம் மாறாததால் முழங்கை
மேல்நோக்கியே இடித்துக்கொண்டிருக்கும்.
ஏற்றிவிடுவதில் பாதி வேலை
எடையினுடையது.

இரண்டு மணி பதினான்கு நிமிடம்.
எண்ணிட்ட மாதிரிகளை மட்டுமே உள்ளே வைக்கலாம் என்பது விதி.
இடுக்கியால் சட்டைக் கைத் துணுக்கை எடுத்தேன்.
ஒரு பக்கம் கரி.
மறுபக்கம் எரியாமல் மிஞ்சிய தங்கத்தாள்,
கண்ணிமை மயிரில் பாதி நீளம்.

ஆயிரம் பாஸ்கல். கிடந்தது.
நூறு. கிடந்தது.
ஐம்பதில் ஓரம் சிலிர்த்தது,
பம்பின் அதிர்வாய் இருக்கலாம்.
இருபதில்
விளக்கின் வெள்ளைக்கு நடுவே
தரையை விட்டு மூன்று மில்லிமீட்டர்
மேலே நின்றது.

நிலைமின்சாரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
விளக்கை அணைத்தேன், விழுந்தது.
போட்டேன்.
எழுந்தது, சற்றே தலை சாய்த்து,
நிறுத்தத்தில் எட்டிப் பார்க்கும் ஆள் போல.
பதினொரு விநாடி.
பிறகு கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

குறிப்பேட்டில் எழுதவில்லை.
எண் இல்லாதது எழும்பினால்
எழும்பியதாகக் கணக்கில்லை.
தவிர, முதல் இருபது கிலோமீட்டருக்கு
வெயிலால் ஒன்றும் ஆகாது.
சுமத்ராவில் காடு பற்றி எரிய வேண்டும்,
இல்லை ஒரு இடிமேகம் கை கொடுக்க வேண்டும்.
அதற்கு அப்பால்தான்
பகலில் கொஞ்சம் ஏறி
இரவில் கொஞ்சம் இறங்கி
மாதக்கணக்கில் குடியிருக்கலாம்.

காலையில் காப்பிக்கடையில் மடாம் குவெக்.
முன்னால் அரை வேக்காட்டு முட்டை, பாதிக் கோப்பை கோப்பி.
கேட்க மாட்டார் என்று நினைத்தேன்.
கேட்டார்.

"ஏசி கொஞ்ச நேரம் ஓடியது ஆன்ட்டி."

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு விநாடி."

முட்டையில் மிளகுத்தூள் தூவிக்கொண்டே
யோசித்தார்.
"அவரே நிறுத்தியிருப்பார்" என்றார்.
"கரண்ட் பில்லுக்குப் பயந்தவர்."