சரக்கு: நிலைக்கண்ணாடி ஒன்று

முர்காபில் பெட்ரோலை வாளியில் அளந்து
பழைய காலுறை வழியே வடித்து ஊற்றுவார்கள்.
காலுறையில் தங்குவதை நான் பார்ப்பதில்லை.
பார்த்தால் வண்டி எடுக்க மனம் வராது.

கிளம்பும் நேரத்தில் வந்தான் ஏர்மெக்,
கம்பளி சுற்றிய ஆளுயரப் பொருளை
நோயாளியைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டு.
நிலைக்கண்ணாடி.
எல்லைக்கு அந்தப் பக்கம், சாரி-தாஷில்
தங்கைக்குக் கல்யாணம்.

"உடைந்தால்?"
"மெதுவாக ஓட்டினால் உடையாது, புருல்கான் அக்கா."

இந்தச் சாலையை அறியாதவன் பேச்சு.
மெதுவாக ஓட்டினால் பல் ஆடும்.
வேகமாக ஓட்டினால் பல் நிற்கும், அச்சு ஆடும்.
அச்சுக்கு மாற்று இருந்தது, பல்லுக்கு இல்லை.
வேகமாகவே போனேன்.

ஆக்-பைத்தால் கணவாய். வெள்ளைப் பெண்குதிரை என்று அர்த்தம்.
ஏற விடுவாள்,
மூச்சை வாடகையாகப் பிடித்துக்கொள்வாள்.
உச்சியில் லைட்டர் பற்றவில்லை.
பின்சீட்டு மாணவன் பிளாஸ்டிக் பைக்குள்
காலையில் தின்ற ரொட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.
வலப்பக்கம் கூடவே ஓடிவந்தது சீனாவின் வேலி.
நடுநடுவே கம்பங்கள் இல்லை.
யாரோ பிடுங்கி அடுப்பெரித்திருக்கிறார்கள்.
எல்லை நன்றாக எரியும் போலிருக்கிறது.

கராகுல் ஏரியில் மீன் இல்லை, அலை உண்டு.
அங்கே உப்புப் போட்ட பால்தேநீர் குடித்தோம்.
ஏர்மெக் மட்டும் இறங்கவில்லை,
கம்பளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காவல் சாவடி என்பது இரும்பு டப்பா ஒன்று,
புகைக்குழாய் ஒன்று, நாய் ஒன்று.
சிப்பாய் சய்வாலிக்கு இருபது இருக்கும்.
குல்யாப் பக்கத்துப் பையன்.
அங்கே மாதுளை பழுக்கும், இங்கே உதடு வெடிக்கும்.

"பிரித்துக் காட்டு."
ஏர்மெக் கம்பளியை அவிழ்த்தான்.

சய்வாலி நின்றான்.
முதலில் மலையைப் பார்த்தான், தலைகீழாக அல்ல,
இடவலமாக மாறியிருந்த மலையை.
பிறகு மலைக்கு முன்னால் நிற்பவனை.
தொப்பியை நேராக்கினான். மறுபடி கோணலாக்கினான்.
விரலால் மேலுதட்டைத் தொட்டு,
"இது எப்போது வந்தது?" என்றான்
தாஜிக்கில், எங்களிடம் இல்லை.

முத்திரை குத்தும்போது காதருகே சொன்னான்:
"திரும்பி வரும்போது, உள்ளங்கை அளவு போதும்."

கணவாயைத் தாண்டினால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்.
ஒரு நாடு எங்களைக் கழித்துவிட்டது,
இன்னொன்று இன்னும் கூட்டிக்கொள்ளவில்லை.
அந்த இடம் பார்த்து உடைந்தது பின்பட்டை.

சிவப்புச் சேற்றில் மல்லாந்து அடியில் நுழைந்தேன்.
டார்ச் செத்துக் கிடந்தது.
வெயில் மலைக்குப் பின்னால் போக
ஒரு சாண்தான் பாக்கி.

"ஏர்மெக், கண்ணாடியை எடு."
"அது தங்கைக்கு..."
"எடு என்றேன்."

எடுத்தான். வெயிலைப் பிடித்து
வண்டிக்கு அடியில் தள்ளினான்.
அவன் கை நடுங்கினால் வெளிச்சமும் நடுங்கியது.
இருமினால் அணைந்தது.
ஒரு நிமிடம் என் முகமும் தெரிந்தது,
கிரீஸும் சேறுமாக, பல்லில் கயிறோடு.
கட்டியவனிடமே காட்டாத கோலம்.
டயர் துண்டை அண்டக் கொடுத்து, கயிற்றை இறுக்கி,
நாற்பது கிலோமீட்டருக்கு மட்டும் என்று
பட்டையிடம் கெஞ்சினேன்.

போர்-தோபோ சாவடியில் இருட்டிவிட்டது.
அதிகாரி படிவத்தை நிரப்பினார்.
சரக்கு: கண்ணாடி. எண்ணிக்கை: ஒன்று.
உள்ளடக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பிறகு ஒரு கோடு போட்டார்.

கல்யாணத்தில் எனக்கு ஆட்டுத்தலை வைத்தார்கள்.
பெண்ணின் பெயர்கூட இப்போது நினைவில்லை.
கண்ணாடியின் மூலையில் காய்ந்திருந்த சிவப்புச் சேற்றை
முந்தானைத் துணியால் துடைத்தாள்,
அது மட்டும் நினைவிருக்கிறது.

ஓஷ் சந்தையில் புதுப் பட்டை வாங்கினேன்.
நீல பிளாஸ்டிக் சட்டமிட்ட
உள்ளங்கைக் கண்ணாடியும் ஒன்று.

ஒன்பதாம் நாள் சாவடியில் அதே டப்பா, அதே நாய்.
சிப்பாய் வேறு.
"சய்வாலியா? இறக்கிவிட்டார்கள். எந்த ஊருக்கோ."
முத்திரை குத்தினான்.
உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது இவனுக்கும்.

கொடுத்திருக்கலாம்.
கையும் போனது சட்டைப்பைக்குள்.
ஏனோ கியரைப் போட்டுவிட்டேன்.