எழுபத்து நான்கு சென்டிமீட்டர்

ஊசி போட்டாயிற்று. அழுகை ஓய்ந்தாயிற்று.
அட்டையில் தேதி எழுதிவிட்டுக்
கிளம்பியிருக்கலாம்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
வாசலில் நாய் வேறு.

அங்க்மா கையுறையைக் கழற்றுகிறாள்.
கம்பளத்தில் முட்டி போடுகிறாள்,
பிறகு கைகளையும் ஊன்றுகிறாள்.
உலான்பாத்தரின் வடக்குச் சரிவில்,
கம்பளி போர்த்த ஒரு வட்டக் கூடாரத்துக்குள்
நாற்பத்தொரு வயதுச் செவிலி
தவழ்கிறாள்.

நொமூன்தாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா அக்கா?"
"இன்னும் இல்லை."

கீழிருந்து பார்த்தால் இது வேறு வீடு.
அடுப்பின் இரும்புக் கதவு
முகத்துக்கு நேரே மூச்சு விடுகிறது.
மின்சாரச் சட்டியின் கறுப்பு வயர்
பிடி, பிடி என்கிற வால்.
சட்டி தரையில்.
உள்ளே ஆட்டு எலும்பு கொதிக்கிறது.
அதன் விளிம்பு,
எழுந்து நிற்கப் பழகும் ஒருவனுக்கு
அளவெடுத்துச் செய்த கைப்பிடி.

முன்பு தீக்காய வார்டில் ஒன்பது வருடம்.
பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
எல்லாரையும் போல அவளும்
'விபத்து' என்றே எழுதிவந்தாள்.
துவ்ஷினுக்குக் கட்டு பிரித்த நாளில்
அவன் பாடச் சொன்னான்.
பாடினாள்.
இரண்டாம் வரி மறந்துபோயிற்று,
முதல் வரியையே
கட்டு முடியும்வரை பாடினாள்.
அன்றைக்கு அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதினாள்:
சட்டி, தரையில்.
"இதென்ன, நோயின் பெயரா?" என்றார் டாக்டர்.
"ஆமாம்" என்றாள்.

வார்டின் வராந்தாவில் எல்லாத் தாய்மாரும்
ஒன்றையேதான் சொன்னார்கள்.
மாவெடுக்கத் திரும்பினேன்.
கரி போடக் குனிந்தேன்.
கண் மூடித் திறப்பதற்குள்.
கண்ணை இமை காப்பதுபோலக் காத்தேனே.

காக்கும்தான் இமை.
காக்கிற அதே இமைதான் மூடுகிறது,
நிமிடத்துக்குப் பதினைந்து தடவை.
இமையைத் திட்டி என்ன செய்ய?
யாரையும் அவள் திட்டியதில்லை.
இடமாற்றம் கேட்டாள். வாங்கினாள்.
இப்போது தடுப்பூசிப் பெட்டியோடு
ஒரு அளவுநாடாவும் சுமக்கிறாள்.

எர்ஹெம், பதினொரு மாதம்.
உயரம் எழுபத்து நான்கு.
கை நீட்டினால் தொண்ணூறு.
அந்த வீட்டில்
தொண்ணூறுக்கு மேலே இருப்பவை:
ஆரஞ்சுப் பெட்டியின் மீது மூத்தோர் படங்கள்,
வெண்ணெய் விளக்கு,
கரி லாரியோடு போய் இரவில் திரும்பும் அப்பா.
மேசை இல்லை.
"மேசை வாங்கணும்னுதான்" என்று தொடங்கி
நொமூன்தாரி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
சம்பளம் எந்தத் தேதி என்று
அங்க்மா கேட்கவில்லை.

மருத்துவமனைத் தச்சருக்குப் போன் போட்டாள்.
கால் உயரமாக, விளிம்பில் தடுப்புக் கட்டையோடு
இன்னொன்று. ஆமாம், ஆறாவது.
பணம் பிறகு பேசலாம்.
இல்லை, பிறகுதான் பேசலாம்.

மேசை வரும்வரை சட்டிக்குச் சிறை.
பெட்டிக்கும் கட்டிலுக்கும் இடையே,
குறுக்கே ஒரு வேலிப் பலகை.
வயரைச் சுருட்டிக் கட்ட நூல் கிடைக்காமல்
தன் தலைமுடி ரப்பரைக் கழற்றிக் கொடுத்தாள்.
உப்புப் பால்தேநீர் வந்தது.
கிண்ணத்தைத் தரையில் வைக்கப்போன கை
தானாக உயர்ந்தது.
யாருடைய கை என்று சொல்லமாட்டேன்.

மார்ச்சில் அடுத்த ஊசி.
மேசை வந்திருந்தது. மேலே சட்டி,
வயர் பின்பக்கம், ரப்பர் இன்னும் அதில்.
நொமூன்தாரி முகத்தில் பரீட்சை எழுதியவளின் காத்திருப்பு.
அங்க்மா நல்லது என்று வாய் திறக்கும்முன்
தரையில் கர்ரென்று ஒரு சத்தம்.

எர்ஹெம்
ஒரு முக்காலியைத் தள்ளிக்கொண்டு
மேசையை நோக்கி வருகிறான்.
உழைப்பாளியின் முகம்,
நுனி நாக்கு வெளியே.

இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.
முக்காலி கூடாரத்துக்கு வெளியே போயிற்று,
நாய் அதை மோந்து பார்த்தது.

எழுபத்து ஒன்பது, என்று எழுதிவிட்டு
முடியைக் காதுக்குப் பின் ஒதுக்கி
அங்க்மா
மறுபடியும் முட்டி போடுகிறாள்.