நீலத் தாங்கி வீடு

விலாசம் கேட்டால் கட்டை சொல்வோம்.
ஆறாம் கட்டை.
அதிலிருந்து உள்ளே,
வயர் ஏறாத மூன்றாவது போஸ்ட்.

காணி வாங்கிய அன்று புரோக்கர் சொன்னார்:
"ரவுண் இங்கதான் வரும் தங்கச்சி,
அஞ்சு வருசம், கூடினால் ஆறு."
ஒன்பதாகிறது.
ரவுணும் பஸ் பார்த்துக்கொண்டு
எங்கோ நிற்கிறது போல.

ஆறேகாலுக்கு மருந்துக் கடை ஷட்டர் இறங்கும்.
ஆறரைக்குக் கடைசி பஸ்.
இடையில் கிடக்கும் பதினைந்து நிமிசத்தில்
மீன், பால்மா, மகளுக்குக் கம் போத்தல்,
மிஞ்சினால் ஒரு தரம்
கடலைத் திரும்பிப் பார்ப்பது.

பஸ் போய்விட்டால் மசாஹிரின் ஆட்டோ.
"போறதுக்குக் காசு சரி அக்கா,
வெறுமையா எல்லோ திரும்பி வரோணும்."
அந்த வெறுமைக்கும் சேர்த்துத்தான்
மாதக் கடைசியில் நான் கணக்குப் பார்ப்பது.

பிரான்சிலிருந்து மச்சாள்:
"குடுத்து வைச்சனி,
கடல் சத்தத்தோட நித்திரை கொள்ளலாம்."
கேட்பதுண்டு.
கச்சான் காற்று விழுந்த சில இரவுகளில்
துறைமுகத்தில் ஒரு கப்பல் தொண்டையைச் செருமும்.
மற்றபடி தவளை,
அரிசி மில்லின் ஜெனரேட்டர்,
காட்டுப் பக்கம் யானை வெடி.

மான்கள் ரவுணோடு நின்றுவிட்டன.
அங்கே பேப்பர் தின்னும், படத்துக்கு நிற்கும்.
எங்களுக்கு ஒதுக்கியது
கொஞ்சம் பெரிய உருப்படி.
போன புரட்டாதியில் குலநாயகி அக்காவின் வாழையை முடித்து,
நடு மதிலைப் படுக்க வைத்து,
எங்கள் கேட்டைத் தொடாமல்
சத்தமில்லாமல் போயிற்று.
விடியக்காலை
மதில் இல்லாத இரண்டு வளவுக்கு நடுவில்
பல் விளக்கியபடி நின்று கதைத்தோம்,
வாய் நுரை காயும் வரை.
அதுவரை மூன்று வருசமாய் அயலவர்.

மதில் இன்னும் அப்படியே கிடக்கிறது.
சீமெந்து விலை என்கிறா.
நானும் ஓம், சரியான விலை என்கிறேன்.

சுற்றுலா வான் ஒன்று ஓரங்கட்டும்.
கண்ணாடி இறங்கும், குளிர் வெளியே வரும்:
"வெந்நீர்க் கிணறு எந்தப் பக்கம்?"
வெறும் வாளியோடு வலக்கையை நீட்டுவேன்.
எங்கள் குழாய்க்குச் செவ்வாயும் சனியும்.
சில செவ்வாய் அதற்கு மறந்துவிடும்.

கூரியர் பொடியன் போனில்:
"எரிஞ்ச டயர் கடை தாண்டீட்டன் அக்கா."
"தாண்டாதையும், திரும்பும்."
"மெப்பில றோட்டு இங்க முடியுது."
"முடியட்டும். நீர் வாரும்."

இப்படித்தான் எல்லாரையும்
கடைக்குக் கடை, மரத்துக்கு மரம்
கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்
இத்தனை வருசம்.

போன ஞாயிறு உடுப்புக் காயப்போடுகையில்
வேலிக்கு வெளியே ஒரு குரல்.
எங்களுக்கும் உள்ளே புதிதாய் வந்த பிரியங்கிகா,
போனைக் காதில் வைத்து நடந்தபடி,
உடைந்த தமிழில் யாருக்கோ:
"நீலத் தாங்கி வீடு இருக்கு.
அது பெரிய அடையாளம்.
அதால திரும்பினா, பிறகுதான் நாங்க."

ஈர உடுப்போடு கொஞ்சம் நின்றேன்.

பின்னேரம் ஏணி வைத்து ஏறி
தாங்கியின் பாசியைத் தேய்த்தேன்.
ஆட்கள் பார்த்து வருகிறார்கள்.
ஏறியதுதான் ஏறினேன்,
கடல் தெரிகிறதா என்று கிழக்கே பார்த்தேன்.
பனையும் டவரும்.
மற்றப் பக்கம் திரும்பினால்,
காடு இருந்த இடத்தில்
மூன்று புதுத் தகரம்
வெயிலில் கண்ணைக் குத்தியது.