சுருள்

மண்டையில் துளை. நான் விழித்திருக்கிறேன்.
சுருள் வரையச் சொல்கிறார் டாக்டர் கூ.
பட்டர்வொர்த் படகு கிளப்பிய அலையைக்
கிறுக்குகிறது பேனா.

கையெழுத்து பொருந்தவில்லை என்று
டத்தோ கெராமாட் வங்கி
மும்முறை திருப்பியனுப்பிய கை.
மகனுக்கு எடுத்த கஞ்சியை
அவன் சட்டைக்கு ஊட்டிய கை.

இரண்டு வோல்ட். நாக்கு தடிக்கிறது, அவ்வளவுதான்.
இரண்டரை.

மின்விசிறி நின்றதும்
அறை பெரிதாகுமே, அப்படி.

சுருள் வரைந்தேன். கேட்காமலே இன்னொன்று.
தாதி ரொஹானா கைதட்டவில்லை;
கையுறையின் சுத்தம் கெட்டுவிடுமாம்.

கால் மரத்தது மரத்ததுதான்.
நரம்பின் உறை உரிவதை
இந்தக் கம்பி தடுக்காது,
முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

இருக்கட்டும்.
நெஞ்சில் மின்கலம் தைத்து
அதை முடுக்கும் நாளில்
மைலோவை விளிம்புவரை ஊற்றச் சொல்லியிருக்கிறேன்,
கீழே தட்டு வைக்காமல்.