நூற்றுப் பதினேழு சுற்று

நஜ்முதீன், உன் ஆட்டத்தை
மூன்று இரவு ஆடிவிட்டேன்.
பகலெல்லாம் மூணாறு தலைப்பில் ஷட்டர் பதிவேடு,
இரவில் நீடாமங்கலம் குவார்ட்டர்ஸில்
கதவடைத்துக்கொண்டு மறுபடியும் ஷட்டர்.
வெண்ணாறு என்னை விடுவதாயில்லை.

சொல்கிறேன், கோபப்படாதே.

உன் ஆள் ஓட மாட்டான். சரி.
தோளில் மண்வெட்டி, காலில் அப்பிய களி,
ஓடாததை மன்னிக்கிறேன்.
வாய்க்கால் தாண்டப் பொத்தானை அழுத்தினால்
அரை நொடி யோசித்துவிட்டுத் தாண்டுகிறானே,
அதற்குள் தண்ணீரில் கிடக்கிறானே,
அதை என்ன செய்ய?
கேமரா போய்ப் பனைமரத்துக்குப் பின்னால்
ஒளிந்துகொள்கிறது, கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல.

அப்புறம் அந்த மதகு.
நூற்றுப் பதினேழு சுற்று, கட்டைவிரலால்.
தொண்ணூற்றொன்றில் திரை கறுத்தது.
சேமிக்க ஓர் இடம்கூட வைக்கவில்லை நீ.
மூன்று மணி நேரம் போச்சு,
கல்லணையிலிருந்து மறுபடி நட.
எங்கள் லஸ்கர் தவசுமுத்துவிடம் கொடுத்துப் பார்த்தேன்.
நாற்பதாவது சுற்றில் நிமிர்ந்து
"இதுக்குச் சம்பளம் உண்டா மேடம்?" என்றார்.

உன்னிடம் கேட்டால்
"கடைமடைக்காரன் இப்படித்தான் காத்துக் கிடக்கிறான், அக்கா.
வீணாவதுதான் ஆட்டத்தோட பொருளே."
கூத்தாநல்லூரில் உன் மாடியறையில்
ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.
பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாய்.

தம்பி, என் ஐந்தாம் ஷட்டர் பாதியில் சிக்கினால்
காத்திருப்பைப் பற்றிய படைப்பு என்று
செயற்பொறியாளருக்கு நான் எழுத முடியாது.
மெமோ வரும்.
அதற்கு முன்பே முத்துப்பேட்டைப் பக்கமிருந்து
இருபது பேர் டிராக்டரில் வருவார்கள்.
கிரீஸ் போடாத திருகுக்கு
நீ வைக்கும் பெயர் தரிசனம்.
அவர்கள் வைக்கும் பெயரை
இங்கே எழுத முடியாது.

ஆனாலும்
முப்பத்தொரு பிழை எழுதிய பட்டியலில்
பதினான்காவதை அடித்துவிட்டேன்.

இரண்டாம் முறை எப்படியோ மதகு திறந்து
கடைசி வயலுக்கு வந்திருந்தேன்.
வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும்போது
சத்தம் சட்டென்று நின்றுபோனது.
தவளை இல்லை, காற்று இல்லை, உன் வயலின் இல்லை.
எந்தப் பொத்தானும் என் பேச்சைக் கேட்கவில்லை.
நாலு நிமிடம்
மண் குடித்துக்கொண்டே இருந்தது.
கருவியை மடியில் வைத்துவிட்டேன்.
சோறு ஆறிப்போனது தெரியவில்லை.
பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறேன்,
கன அடியில், கையெழுத்துப் போட்டு.
போய்ச் சேர்ந்ததைப் பார்த்ததில்லை.

அதைப் பாராட்டத்தான் அழைத்தேன். நீ பதறினாய்.
"ஐயோ அக்கா, அது நான் வச்சதே இல்லை,
ஒலிக்கோப்பு அங்க ஹேங் ஆகுது.
ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்."

நேற்று புதிய பதிப்பு வந்தது.
கடைசி வயலில் இப்போது தவளை கத்துகிறது,
காற்று வீசுகிறது,
அழு அழு என்று வயலின் நச்சரிக்கிறது.
பொத்தான்கள் எல்லாம் சமர்த்து.
வாய்க்காலில் அந்த அரை நொடி, அப்படியே.
நூற்றுப் பதினேழு, அப்படியே.
அதெல்லாம் உன் கையெழுத்தாம்.

என்ன எழுதுவது உனக்கு?
ஐந்தாம் ஷட்டரில் ரப்பர் சீல் ஒழுகுகிறது,
அறிக்கை நாளைக்குள் போக வேண்டும்.
மணி பதினொன்று.
பழைய பதிப்பை நான் அழிக்கவில்லை.
விரலில் தைலம் தடவிக்கொண்டு
கல்லணையிலிருந்து மறுபடி நடந்து வந்து
உன்னைத் திட்டிக்கொண்டே சுற்றுகிறேன்
எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது,
தொண்ணூறு