தலைகீழ்ப் பேரேடு

முன்னாலிருந்து திறந்தால் பிராதுகள்.
தொலைந்த பன்றி, இடது காதில் இரட்டை வெட்டு.
ஓட்ஸ் கடன் ஒரு டாலர் பத்து சென்ட், இரண்டு வாய்தா தள்ளியது.
வேலி தாண்டிய காளைக்கு
தோபியாஸ் ரூஷ் ஜாமீன். கைநாட்டு.

புரட்டித் தலைகீழாகப் பிடித்தால் வைத்தியம்.
காதுவலிக்குச் சுட்ட வெங்காயச் சாறு.
மருவுக்கு, அண்டை வீட்டுப் பாத்திரத்துணியைத்
திருடிக்கொண்டுபோய்ப் புதைக்கவும்.
திருட்டு என்று எழுதிய கை
இதற்கு மட்டும் வழக்கு எண் போடவில்லை.

ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் காகிதம் கிராக்கி.
மாஜிஸ்திரேட் ஏசாயா க்ளோனிங்கருக்கு இருந்தது ஒரே பேரேடு.
இரண்டு எழுத்தும் எதிரெதிரே நடந்துவந்து
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
முட்டிக்கொள்கின்றன.

மேலே:
கெட்டூரா மௌக், மாவுமில் வாசலில்
நான்கு கெட்ட வார்த்தை.
வார்த்தைக்கு எண்பத்து மூன்று சென்ட் வீதம்
மூன்று டாலர் முப்பத்திரண்டு.

கீழே, தலைகீழாக, பிப்ரவரி, பனி:
மகளுக்கு மூச்சு அடைக்கிறது.
வாத்துக் கொழுப்பு, டர்பன்டைன்,
சிவப்பு ஃபிளானலில் தடவி நெஞ்சில் கட்டவும்.
மூன்று தடவை ஊதி
பிறர் காதில் விழாமல் சில வார்த்தைகள்.
செய்தவள் கெ. மௌ.
விடியும்போது பால் கேட்டாள்.

அந்த வார்த்தைகள் எத்தனை என்று எண்ணவில்லை அவர்.

அபராதத்துக்கு எதிரே 'வசூல்' என்றிருக்கிறது.
கட்டியது யார், இல்லை.
மை மட்டும் கீழ்ப்பாதியின் மை,
சற்றே நீலம்,
பக்கத்தில் கொழுப்பேறிய பெருவிரல் ரேகை.

அதன் கீழே இடுக்கில் பொடியெழுத்து:
புதுப் பேரேடு, ஐம்பது சென்ட்.
அரசாங்கச் செலவு.